பூசணிக்காய்ப் பின்னங்கள்

ஒன்று

கணித உலகுக்கு ஓர் அறிவிப்பு. சுழியம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு இந்த மண்ணில் கணிதத்துக்கு நேர்ந்த அடுத்த மாபெரும் நிகழ்ச்சி, விருத்தாசலத்தில், ஜங்ஷன் ரோட்டிலிருந்து சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு தனியார் பள்ளியில், சைக்கிள் கொட்டகைக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவே, சென்ற புரட்டாசியில் ஒரு சனிக்கிழமை முற்பகல் நடந்தேறியது. வரலாற்று ஆசிரியர்கள் யாரும் அன்று ஊரில் இல்லை. ஆகவே அதைப் பதிவு செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

(மேற்படி பத்தியின் குரல் என்னுடையதில்லை. பள்ளியின் தாளாளருடையது. அவர்தான் என்னைக் கூப்பிட்டு, "ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேணும் சார். வரலாறு மாதிரி இருக்கணும், ரெண்டு பக்கத்துக்கு மேல போவக் கூடாது" என்றார். இந்தக் கதை பிறந்தது இப்படித்தான். கனவில் யாரும் வந்து சொல்லவில்லை. நான் எழுதிக் கொடுத்தது இரண்டு பக்கத்தைத் தாண்டிவிட்டதால் ஆண்டு மலரில் இடமில்லை என்றார்கள். இரண்டாம் பக்கத்தில் தாளாளரே வந்துவிடுகிறார் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.)

இரண்டு

தொடக்கம், முதல் வரைவு: "பெரியநாயகி கத்தியைக் கையில் எடுத்தார்."

நல்ல வாக்கியம். கத்தியைப் பார்த்தால் வாசகர் எழுந்து போகமாட்டார். ஆனால் கொலையை எதிர்பார்த்து உட்கார்ந்தவரிடம், ஐந்தாவது வரியில் இது மூன்றாம் வகுப்புக் கணக்குப் பாடம் என்று சொன்னால் அவருக்கே கொலைவெறி வரும். அடித்துவிட்டேன்.

இரண்டாம் வரைவு: "மணிமுத்தாற்றின் அலைகளில் இளஞ்சூரியனின் பொற்கதிர்கள்"

ஆற்றில் அப்போது தண்ணீர் இல்லை. பொற்கதிர்கள் கருவேலம் புதரில் விழுந்துகொண்டிருந்தன. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டேன். முற்றுப்புள்ளிகூட வைக்கவில்லை, பாருங்கள்.

மூன்றாம் வரைவு: "எங்கள் வீட்டு மாடியில் குடியிருப்பவர் பெரியநாயகி."

சப்பென்று இருக்கிறது. ஆனால் உண்மை. இதையே வைத்துக்கொள்வோம்.

பெரியநாயகி கணக்கில் பட்டம் பெற்று, பி.எட். முடித்தவர். ஜூன் மாதம் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். தற்காலிகம். மாதிரி வகுப்பு ஒன்று நடத்திக் காட்டி, அது தாளாளருக்குப் பிடித்துவிட்டால் நிரந்தரம். கணவர் சேரன், செராமிக் எஸ்டேட்டில் பீங்கான் பொம்மைகளுக்கு நிறம் தீட்டுகிறார். பொம்மைக்கு வேலை இருக்கும் மாதம் அவருக்கும் இருக்கும். ஆக, மாடி வீடு நின்றுகொண்டிருப்பது பெரியநாயகியின் வேலையின் மேல்.

அந்த வேலைக்குத்தான் ஒரு சிக்கல். துணி காயப்போடும் இடத்தில் என் மனைவியிடம் அவர் சொன்னது ஜன்னல் வழியே என் காதிலும் விழுந்தது.

"நாலாவது மாசம்க்கா. ஸ்கூல்ல தெரியக் கூடாது. தெரிஞ்சா அனுப்பிடுவாங்க."

"இதுக்குப் போயி அனுப்புவாங்களா?"

"அனுப்புறாங்கன்னே தெரியாதுக்கா. போன வருஷம் ரெண்டாங்கிளாஸ் மிஸ்ஸு ஒருத்தங்க முழுவாம இருந்தாங்க. மேடையேத்தி, பொன்னாட போத்தி, ‘நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா’ன்னு கைதட்டி அனுப்பி வச்சாங்க. வூட்டுக்குப் போன பொறவுதான் அவங்களுக்கு வேல போனதே தெரிஞ்சுது. நீங்க சார்கிட்ட சொல்லிடாதீங்க. எழுதிடுவாரு."

எழுதிவிட்டேன். (அவர் அனுமதியோடுதான். எப்போது, எப்படி என்று கேட்காதீர்கள். அது தெரிந்தால் கதையின் முடிவு தெரிந்துவிடும்.)

இரண்டேகால்

ஒரு பாத்திரத்தைப் பற்றி எனக்குச் சந்தேகம் இருக்கிறது. தாளாளர் கொளஞ்சியப்பன். படித்துப் பார்த்த நண்பர், "இப்படி ஒரு ஆள் இருப்பானா? கேலிச்சித்திரமா இருக்கே" என்றார். நான் நிஜத்திலிருந்து நிறையக் கழித்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறேன். பள்ளி வாசலில் அவருடைய சிமென்ட் சிலை இருப்பதைக் கழித்தேன். அந்தச் சிலைக்கு அவரே மாலை போட்டதையும் கழித்தேன். பெயர்ப் பலகையில் "டாக்டர் கே. அப்பன்" என்று இருப்பதை மட்டும் கழிக்க மனம் வரவில்லை. கொளஞ்சியப்பரைக் குலசாமியாகக் கும்பிடும் ஊரில் பிறந்து, சாமி பெயரின் முக்கால் பாகத்தை ஒரு ஆங்கில எழுத்தாகச் சுருக்கியவருக்குப் பின்னங்களில் இயல்பான ஆர்வம் இருந்திருக்க வேண்டும்.

போன வருஷம் அவர் அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போயிருந்தார். திரும்பி வந்து அவர் ஆசிரியைகளுக்கு ஆற்றிய உரை இது:

"அங்க அக்டோபர்னா வூட்டுக்கு வூடு வாசல்ல பூசணிக்கா! சும்மா திருஷ்டிக்குன்னு நெனைச்சேன். எம் பேத்தி ஸ்கூலுக்குப் போயி பார்த்தா, கணக்குப் பாடமே அதுலதான் நடக்குது! விதைய எண்ணுதுங்க, கூட்டுதுங்க. டேப்பு வச்சு சுத்தளவு எடுக்குதுங்க. தராசுல வச்சு எடை போடுதுங்க. ரெண்டா வெட்டி அரை, நாலா வெட்டி கால். எந்தப் புள்ளயும் அழுவலம்மா! கணக்குப் பாடத்துல அழுவாத புள்ளய நான் அங்கதான் பார்த்தேன். இனிமே நம்ம ஸ்கூல்லயும் அக்டோபர்னா பூசணித் திங்கள்!"

நேர்மையாகச் சொன்னால், யோசனை நன்றாகத்தான் இருந்தது. கேலி எழுதுகிறவனுக்கு இதைப்போல் எரிச்சலூட்டும் விஷயம் வேறில்லை.

மூன்று

எல்லாம் ஒரு சொல்லால் வந்தது.

எங்கள் பக்கத்தில் வெள்ளையாய், மேலே சாம்பல் பூத்து இருப்பது பூசணிக்காய். ஆரஞ்சாய், வரிவரியாய் இருப்பது பரங்கிக்காய். இதில் குழந்தைக்குக்கூடக் குழப்பம் கிடையாது. தாளாளரின் மருமகளோ தெற்கத்திக்காரர். அவர் ஊரில் ஆரஞ்சாய் இருப்பதும் பூசணிதான். அமெரிக்காவில் ஒரு மாதம் மருமகள் கையால் சாப்பிட்டு வந்த தாளாளர் அந்தச் சொல்லையும் சேர்த்து விழுங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வேப்பூரில் காய்கறி மொத்த வியாபாரம் செய்யும் திருமாலுக்குப் போன் போட்டார். பேச்சு இப்படிப் போனதாகத் திருமாலே என்னிடம் சொன்னார்.

"ஒரு டெம்போ பூசணிக்கா வேணும்ப்பா."

"அனுப்பிடலாம் சார். வண்டிக்குங்களா, கடைக்குங்களா?"

"கணக்குக்கு."

"அதான் சார், யார் கணக்கு?"

"யார் கணக்கா? ஸ்கூல் கணக்குய்யா!"

"சரிங்க சார், அப்ப ஸ்கூல் கணக்குலயே எழுதிக்கிறேன்."

ஆயுத பூஜைக்கு முந்தைய வாரத்தில் ஒருவர் டெம்போ நிறையப் பூசணிக்காய் கேட்டால் எதற்கு என்று திருமாலுக்குத் தெரியாதா? ரோட்டில் போட்டு உடைக்கத் தோதான, முற்றின, சாம்பல் பூத்த வெள்ளைப் பூசணிகளாகப் பார்த்து அனுப்பிவைத்தார்.

டெம்போ வந்து நின்றதும் ஆசிரியைகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். பெரியநாயகிதான் வாயைத் திறந்தார்.

"சார், இது பூசணி. நீங்க சொன்னது பரங்கி."

"ரெண்டும் ஒன்னுதானம்மா."

"ஒன்னு பொரியலுக்கு, ஒன்னு ஒடைக்கிறதுக்கு சார்."

அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் அழைப்பிதழ் அச்சாகி, பெற்றோர் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தாளாளர் கொஞ்ச நேரம் வானத்தைப் பார்த்தார். பிறகு பெரியநாயகியைப் பார்த்தார்.

"ஒன் வூட்டுக்காரரு செராமிக்ஸ்ல பெயிண்டருதானே?"

(ஆரஞ்சு என்றே எழுதிக்கொண்டு போகிறேன். அந்த நிறத்துக்குத் தமிழில் வேறு சொல் உண்டு. அதைப் போட்டால் கதை வேறு பக்கம் போய்விடும். மீட்டுக்கொண்டு வர என்னால் ஆகாது.)

மூன்றரை

இந்த ஊருக்கே உரிய ஒரு தவறு இருக்கிறது. எங்களுக்கு நிறம் என்றால் பீங்கானுக்குப் பூசும் நிறம். பொடியாக வரும், தண்ணீரில் குழைத்துத் தீட்டி, சூளைக்குள் அனுப்பினால்தான் ஒட்டும். சேரன் தங்கமான மனிதர். மனைவியின் வேலைக்கு ஆபத்து என்றதும் பட்டறையிலிருந்து நல்ல ஆரஞ்சாகக் கேட்டு வாங்கி வந்து, ஒரு டெம்போ பூசணிக்கும் தீட்டி முடித்தார். காய்ந்ததும் அத்தனையும் அமெரிக்கப் பூசணிகள். தாளாளர் கைகுலுக்கினார். கை ஆரஞ்சாகிவிட்டது.

"ஒட்டலியே?"

"சூளையில வச்சா ஒட்டிடும் சார்."

"வச்சிடலாமா?"

"வச்சா பூசணி இருக்காது சார். நெறம் மட்டும் இருக்கும்."

இதன் பிறகு ஒரு வாரம் மூன்றாம் வகுப்பு கணக்குப் படித்தது. குழந்தைகள் பூசணியைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு எடுத்தார்கள். எடை போட்டு, பெரியது சிறியது பார்த்து, வரிசையாக உருட்டி அடுக்கினார்கள். எந்தக் குழந்தையும் அழவில்லை. அழுதது சட்டைகளைத் துவைத்தவர்கள். தென்றல் என்ற சிறுமியின் அம்மா பாஞ்சாலை, பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருப்பவர், கடையைப் போட்டது போட்டபடி பள்ளிக்கு வந்தார். மைக் தேவைப்படாத குரல்.

"ஏன் மிஸ்ஸு, கணக்கு நடத்துறீங்களா, மஞ்சத்தண்ணி ஊத்தி வெளையாடுறீங்களா? வெள்ளச் சட்ட போட்டு அனுப்புன புள்ள பழுத்துப் போயி வருது!"

"சுத்தளவு நடத்தினேங்கக்கா."

"சுத்தி இருக்குற அளவெல்லாம் சட்டையிலதான் இருக்குது!"

ஆனால் பாஞ்சாலை திரும்பிப் போகும்போது மகளிடம் ஏதோ கேட்டிருக்கிறார். மகள் இட்லிப் பானையின் சுற்றளவைச் சொல்லியிருக்கிறாள். மறுநாள் முதல் சட்டையைப் பற்றிப் பேச்சில்லை.

[இந்த இடத்தில், குழந்தைகளின் விழிகளில் அறிவின் ஒளி மின்னியது என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். ஜாக்கிரதையாக எடுத்துவிட்டேன். மின்னியது பொடி.]

நான்கு

இப்போது கத்தி வருகிறது. முதல் வரைவில் அடித்த வாக்கியத்துக்காக யாராவது வருத்தப்பட்டிருந்தால் ஆறுதல் அடையலாம்.

சனிக்கிழமை மாதிரி வகுப்பு. பாடம், பின்னங்கள். பெற்றோர் முன்னிலையில் டீச்சர் முழுப் பூசணியை வெட்டி அரை காட்ட வேண்டும், அரையை வெட்டிக் கால் காட்ட வேண்டும். தாளாளர் மொழியில், "அதாம்மா ஹைலைட்டு."

முழுப் பூசணியைப் பெண்கள் வெட்டுவதில்லை என்பது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் வெட்டை ஓர் ஆண் போட வேண்டும். பிறகு யாரும் வெட்டலாம். அதிலும் பிள்ளைத்தாய்ச்சி என்றால் வெட்டும்போது அந்தப் பக்கம் திரும்பக்கூட மாட்டாள். பள்ளியில் எல்லோரும் ஆசிரியைகள். ஒருவர் பாக்கியில்லாமல் கேட்டுப் பார்த்தார் பெரியநாயகி. "மன்னிச்சுக்கடி" என்று எல்லோரும் ஒதுங்கிக்கொண்டார்கள். தாளாளரிடம் போய், காரணத்தில் பாதியை மட்டும் சொன்னார். "மூடநம்பிக்கைக்கு நம்ம கேம்பஸ்ல எடமில்ல" என்று அவர் முழங்கினார். முழங்கியபோது மணிக்கட்டில் மூன்று வண்ணக் கயிறுகள் இருந்தனவாம்.

அன்று மாலை பெரியநாயகி எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பகுத்தறிவோடு ஆரம்பித்தேன்.

"நீங்க கணக்கு படிச்சவங்க. இதப் போயி நம்புறீங்களா?"

"நம்பலிங்க சார். போன வருஷம் கம்மாபுரத்துல எங்க மாமியார் கண்ணு முன்னாடியே முழுசா ஒன்ன வெட்டினேன். அவங்க ஒரு வாரம் எங்கூட பேசல."

"அப்புறம் என்ன? சனிக்கிழமையும் வெட்டுங்க."

"அப்ப நான் ஒரு ஆளு சார். இப்ப ரெண்டு பேரு சம்பந்தப்பட்ட விஷயம். அந்த ஆளுகிட்ட அபிப்பிராயம் கேக்க முடியாதுல்ல?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் ஒன்று இருந்தது. சொல்ல வாயெடுத்தபோது சமையலறையிலிருந்து என் மனைவி கேட்டாள்.

"நம்ம வூட்டுல பூசணிக்காய யாரு வெட்டுறது?"

"நான்தான்."

"ஏன்?"

இத்தனை வருஷமாக அது வீட்டு வேலையில் நான் செய்யும் உதவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

(ஆக, நிலைமை இது. வெட்டினால் மனசு கேட்காது. வெட்டமாட்டேன் என்றால் மாதிரி வகுப்பு தோல்வி, வேலை போகும். ஏன் வெட்டவில்லை என்று உண்மையைச் சொன்னால் பொன்னாடை, அப்போதும் வேலை போகும். கதாசிரியன் என்ற முறையில் நான் அவரைக் காப்பாற்றியிருக்கலாம். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அவர்தான் எழுந்து, "அக்கா, ரிப்பன் இருக்குதா? செவப்பா, அகலமா?" என்று கேட்டார்.)

ஐந்து

சனிக்கிழமை. ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், அவற்றில் பெரும்பாலும் அம்மாக்கள். மேஜைமேல் இருந்ததிலேயே பெரிய பூசணி, புதிதாக ஒரு பூச்சு ஆரஞ்சோடு. அதன் இடுப்பைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன், பூ முடிச்சு. பக்கத்தில் தாம்பாளத்தில் கத்தி. ஊரில் பாதிப்பேரோடு நானும் போயிருந்தேன்.

பெரியநாயகி மைக்கை வாங்கினார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே, இன்றைய பாடம் பின்னங்கள். இந்தப் பாடத்தை, நம் தாளாளர் ஐயா அவர்கள் தமது பொற்கரத்தால் முதல் வெட்டு வெட்டித் திறந்து வைப்பார்கள்!"

கைதட்டல். கொளஞ்சியப்பன் தம் வாழ்நாளில் ரிப்பனைக் கண்டுவிட்டு வெட்டாமல் திரும்பியதில்லை. என்ன நடக்கிறது என்று புரிவதற்குள் கால்கள் மேஜைக்குப் போய்விட்டன, கை கத்தியை எடுத்துவிட்டது. ஒரு கையால் பூசணியை அணைத்துக்கொண்டு, புகைப்படக்காரரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வெட்டினார். ரிப்பன் அறுந்தது. கத்தி பாதி தூரம் இறங்கி மாட்டிக்கொண்டது. அவர் இழுக்க, பொடியில் கை வழுக்க, பூசணி மேஜையில் ஒரு சுற்று சுற்றி விளிம்புக்குப் போனது. அவர் பாய்ந்து பிடித்ததில் அது இரண்டாகப் பிளந்தது. பெரிய துண்டு அவர் மார்போடு நின்றது. சின்னத் துண்டு கீழே விழுந்து உருண்டு முதல் வரிசையில் யாரோ ஒருவர் செருப்பில் போய் நின்றது.

தாளாளரின் பட்டுச் சட்டையில் ஆரஞ்சு. மூக்கு நுனியில் ஒரு விதை.

"பசங்களா," என்றார் பெரியநாயகி, மைக்கில், நிதானமாக. "ஒரு பூசணி ரெண்டு துண்டு ஆயிடுச்சு. சார் கையில இருக்கறது அரையா?"

"இல்ல மிஸ்ஸ்ஸ்!"

"ரெண்டு துண்டுதானே ஆயிருக்கு? ஏன் அரை இல்ல?"

"சமமா இல்ல மிஸ்ஸ்ஸ்!"

தென்றல் எழுந்து நின்றாள். "சார் வச்சிருக்கறது முக்கா. கீழ கெடக்கறது காலு. சார் அதிகமா எடுத்துக்கிட்டாரு மிஸ்."

ஷாமியானா அதிர்ந்தது. தாளாளருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அமெரிக்காவில்கூட இவ்வளவு நன்றாகப் பின்னம் நடந்திருக்காது என்று அவர் முகத்தில் எழுதியிருந்தது. முக்காலைத் தூக்கிக் காட்டினார். காலையும் வாங்கிப் பொருத்தி, "முழுசு!" என்று அவரே சொல்லிக் கைதட்டல் வாங்கினார். வேலை நிரந்தரம் என்று அறிவிக்க மைக்குக்காகக் கையை நீட்டினார்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். நான் அதற்கு ஆயத்தமாகப் பேனாவைக்கூட மூடிவிட்டேன்.

ஆனால் அம்மாக்கள் தாளாளரைப் பார்க்கவில்லை. கத்தி இறங்கிய நேரத்தில் டீச்சர் முந்தானையை இழுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டதைப் பார்த்தார்கள். எதற்காகத் திரும்புவார்கள் என்று அங்கே இருந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் தெரியும். ஒளிப்பதற்காகச் செய்த ஏற்பாடே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டது. மைக் தேவைப்படாத குரல் ஒன்று எழுந்தது.

"என்னா மிஸ்ஸு, முழுவாம இருக்கீங்களா?"

பதில் சொன்னது பாஞ்சாலையின் மகள். ஒரு வாரமாக முழு, அரை, கால் படித்த மகள்.

"யம்மா, பார்த்தா தெரியல? மிஸ்ஸு முழுசாத்தான் இருக்காங்க!"

"முழுசு இல்லடி," பின் வரிசையில் யாரோ ஒரு பெண் சொன்னார். "ஒன்னேகாலு!"

ஐந்தேகால்

மைக் இப்போது தாளாளர் கையில். இன்னொரு கையில் முக்கால் பூசணி. எதிரே ஊரின் அம்மாக்கள் அத்தனை பேரும், பாதிப்பேர் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. மேஜை ஓரத்தில் விருந்தினர்களுக்காக வாங்கிய பொன்னாடைகள். அவர் தொண்டையைச் செருமி, "வந்து..." என்றார்.

நான் இங்கே நிறுத்திக்கொள்கிறேன். என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன.

அ. அவர் பொன்னாடையை எடுக்கிறார். "ரெஸ்ட் எடுங்கம்மா." கைதட்டல். யதார்த்தவாதிகளுக்கு இது பிடிக்கும். எழுதிப் பார்த்தேன், முடித்தபோது மாடியில் பெரியநாயகி நடக்கும் சத்தம் கேட்டது. தாளைக் கிழித்துவிட்டேன்.

ஆ. பாஞ்சாலை எழுகிறார். "அந்தப் பொண்ண வேலைய வுட்டு நிறுத்திப் பாருங்க, அத்தனை பேரும் டி.சி. வாங்குறோம்!" அம்மாக்கள் அலையென எழுகிறார்கள். இது புரட்சிக்காரர்களுக்கு. சிக்கல் என்னவென்றால், அம்மாக்கள் அதற்குள் மேடையைச் சுற்றிக்கொண்டு, புளிப்பா இனிப்பா, வாந்தி காலையிலா மாலையிலா என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். புரட்சிக்கு யாருக்கும் நேரமில்லை.

இ. தாளாளர் கண்கலங்கி, மனம் திருந்தி, "என் அன்னையும்கூட ஒரு நாள்" என்று

மன்னிக்க வேண்டும். இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.

ஆகவே, மதிப்பிற்குரிய வாசகரே, உழைக்கும் பெண்களின் உரிமை, நவீனக் கல்வியின் எதிர்காலம், பகுத்தறிவுக்கும் தாய்மைக்கும் இடையிலான ஆயிரமாண்டுப் போராட்டம் ஆகிய அனைத்தும் அந்த "வந்து..." என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றுகொண்டிருக்கின்றன. முடிவை உங்கள் மனசாட்சியிடம் ஒப்படைத்துவிட்டு நான் விலகிக்கொள்கிறேன். காலம் உங்கள் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறது.

திங்கட்கிழமை முதல் பீரியடில் பெரியநாயகி மூன்றாம் வகுப்புக்கு ஏழாம் வாய்ப்பாடு நடத்தினார்.